பழைய லென்ஸுக்குப் பொருத்தம் பார்ப்பது எப்படி? செங்கோட்டைப் பக்கத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

செங்கோட்டை, தென்காசிப் பக்கம் இருந்துகொண்டு ஆன்லைனில் செகண்ட் ஹேண்ட் லென்ஸ் தேடினால், கண்ணில் படுவதில் நிறைய மலைக்கு அந்தப் பக்கத்து, கேரளத்து விளம்பரங்களாகவே இருக்கும். புனலூர், கொட்டாரக்கரை, கொல்லம், திருவனந்தபுரம். விலையும் பரவாயில்லாமல் இருக்கும். ஆனால் விளம்பரத்தில் "நிக்கான் லென்ஸ், நல்ல கண்டிஷன்" என்பதற்கு மேல் ஒரு வரி இருக்காது. போன் போட்டுக் கேட்டால் "எல்லா நிக்கானிலும் கேறும் சேட்டா" என்பார்கள். பொய் இல்லை, கேறும்தான், அதாவது மாட்டும்தான். மாட்டிய பிறகு ஃபோகஸ் ஆகுமா, அப்பர்ச்சர் (லென்ஸுக்குள் ஒளி வரும் துவாரம்) மூடுமா, படத்தின் ஓரம் கறுக்குமா என்பதெல்லாம் விற்பவருக்கே தெரியாது. அவரிடம் இருப்பது ஒரு பாடி (லென்ஸ் இல்லாத கேமரா), அதில் வேலை செய்தது, அவ்வளவுதான்.

இதில் அலைந்து திரிந்து கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். முதல் லென்ஸ் வாங்கப் போகிறவர்களுக்கு இது போதும். எல்லாவற்றுக்கும் முந்தி ஒன்று: லென்ஸின் பின்பக்க போட்டோ கைக்கு வராமல் விலையைப் பேசவே தொடங்காதீர்கள். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

1. உங்கள் கேமராவைப் பற்றி நான்கு விவரம் எழுதி வையுங்கள்

"நிக்கான் வைத்திருக்கிறேன்" என்பது போதாது. டி3500-ஆ, டி7200-ஆ, இசட்50-ஆ? முழு மாடல் பெயர், மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வளையத்தின் வகை), படம் பதியும் சென்சார் சின்ன அளவான கிராப்பா பெரிய அளவான ஃபுல் ஃப்ரேமா, பாடிக்குள் ஆட்டோஃபோகஸ் மோட்டார் உண்டா இல்லையா. இந்த நான்கும் கேமராவோடு வந்த புத்தகத்தில் இருக்கும். புத்தகம் தொலைந்திருந்தால் கம்பெனி தளத்தில் பிடிஎஃப் கிடைக்கும். அதில் பொருந்தும் லென்ஸ்கள் என்று ஒரு அட்டவணை இருக்கும். அதை மட்டும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை, காசு செலவில்லை.

அதிகம் கண்ணில் படும் மவுண்ட் பெயர்கள் இவை. நிக்கான் டிஎஸ்எல்ஆர் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள கேமரா) எல்லாம் எஃப் மவுண்ட், மிரர்லெஸ் (அந்தக் கண்ணாடி இல்லாதது) இசட் மவுண்ட். கேனான் டிஎஸ்எல்ஆர் ஈஎஃப். அதில் கிராப் பாடிகள் ஈஎஃப்-எஸ் லென்ஸையும் ஏற்கும். கேனான் மிரர்லெஸ்ஸில் ஆர் வரிசைக்கு ஆர்எஃப், எம் வரிசைக்கு ஈஎஃப்-எம். சோனி மிரர்லெஸ் ஈ மவுண்ட், பழைய சோனி டிஎஸ்எல்ஆர் ஏ மவுண்ட். ஃபுஜி மிரர்லெஸ்ஸில் பெரும்பாலும் எக்ஸ் மவுண்ட்.

2. "பொருந்தும்" என்பதை ஐந்தாக உடைத்துக் கேளுங்கள்

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். லென்ஸுக்கு ஐந்து போதும்.

பாடியில் மாட்டுகிறதா? ஆட்டோஃபோகஸ் ஓடுகிறதா? கேமராவிலிருந்து அப்பர்ச்சரை மாற்ற முடிகிறதா? சென்சார் முழுவதையும் மூடுகிறதா? தூரத்து மலை வரை ஃபோகஸ் போகிறதா, அதாவது இன்ஃபினிட்டி கிடைக்கிறதா?

விற்பவர் "ஆமாம்" என்று சொல்வது முதல் கேள்விக்குத்தான். மற்ற நான்கையும் நீங்கள்தான் சரிபார்க்க வேண்டும். அதற்கு லென்ஸின் முழுப்பெயர் வேண்டும். பெயர் என்றால் முன்வளையத்திலோ உடம்பிலோ அச்சடித்திருக்கும் அத்தனை எழுத்தும் எண்ணும். "50 எம்எம்", "70-300" என்பது பாதிப் பெயர். பாதிப் பெயரை வைத்துக்கொண்டு இணையத்தில் தேடினால் வேறொரு லென்ஸின் விமரிசனத்தைப் படித்துவிட்டுப் பணத்தை அனுப்பியிருப்பீர்கள்.

3. நிக்கான்காரர்கள் இங்கே நிதானமாகப் படியுங்கள்

எஃப் மவுண்ட் 1959 முதல் இருக்கிறது. வடிவம் மாறவில்லை, உள்ளே எல்லாம் மாறிவிட்டது. அதனால்தான் மாட்டிவிட்டு முழிக்க நேர்வது இதில் அதிகம்.

முதல் பொறி மோட்டார். டி3100, டி3200, டி3300, டி3400, டி3500, அப்புறம் டி5100 முதல் டி5600 வரை, இந்த பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸுக்குள் மோட்டார் இருந்தால்தான் ஆட்டோஃபோகஸ். பெயரில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று இருந்தால் மோட்டார் உள்ளே இருக்கிறது. வெறும் ஏஎஃப் என்று போட்டு, பின்னால் டி எழுத்து இருந்தால் கையால்தான் திருப்ப வேண்டும். டி90, டி7000, டி7200, டி7500, டி610, டி750 போன்றவற்றில் பாடிக்குள் மோட்டார் இருப்பதால் இந்தக் கவலை இல்லை.

எழுத்து குழப்பினால் கண்ணால் பாருங்கள். பழைய வகை லென்ஸின் பின்பக்க உலோக வளையத்தில் திருப்புளி வைக்கிற மாதிரி கோடு வெட்டிய சின்னத் திருகு தெரியும். மோட்டார் உள்ள பாடியின் வளையத்தில் அதற்கேற்ற முனை நீட்டிக்கொண்டிருக்கும். லென்ஸில் திருகு இருந்து உங்கள் பாடியில் முனை இல்லையென்றால் ஆட்டோஃபோகஸ் இல்லை. பின்பக்க போட்டோ கேட்பதற்கு இது முதல் காரணம்.

அதிகம் விற்பனைக்கு வருவது 50 மி.மீ. எஃப்/1.8. டி என்று ஒன்று, ஏஎஃப்-எஸ் ஜி என்று ஒன்று. டி வகை இரண்டு மூவாயிரம் குறைவாக இருக்கும். புதியவர்கள் அதில்தான் விழுகிறார்கள். டி3500 வைத்திருப்பவருக்கு அந்த மிச்சம் மிச்சமே இல்லை. ஓடி விளையாடும் குழந்தையைக் கையால் ஃபோகஸ் பண்ணி எடுக்கப் பொறுமை இருந்தால் வாங்கலாம். மாறாக, டி7200 வைத்திருப்பவருக்கு அதுவே நல்ல பேரம்.

70-300 இன்னும் மோசம். நிக்கானிலேயே அந்தப் பெயரில் பல லென்ஸ்கள். மோட்டாரும் இல்லாமல் நடுக்கம் தாங்கும் விஆரும் இல்லாமல் ஒன்று, ஏஎஃப்-எஸ் விஆர் ஒன்று, ஏஎஃப்-பி டிஎக்ஸ் ஒன்று, அதிலேயே விஆர் உள்ளது, இல்லாதது. போட்டோவில் எல்லாம் கறுப்பாக ஒரே மாதிரி தெரியும். "விஆர் இருக்கா" என்று மட்டும் கேட்டு முடித்துவிடாதீர்கள், ஏஎஃப்-பி-யா என்றும் கேளுங்கள். ஏஎஃப்-பி லென்ஸ் புதிய பாடிகளுக்கானது. டி90, டி3100 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸே ஆகாது. நடுவில் வந்த சில பாடிகளுக்கு ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் மென்பொருள்) புதுப்பிக்க வேண்டும். அண்ணன் கொடுத்த டி90-க்குப் புது மாடல் லென்ஸ் வாங்குவது, டி3500-க்குப் பழைய மாடல் லென்ஸ் வாங்குவது, இரண்டுமே வம்பு. பெயரின் கடைசியில் ஈ என்று வரும் லென்ஸ்களும் அப்படித்தான். அவற்றின் அப்பர்ச்சர் மின்சாரத்தில் மூடுவதால் டி90 போன்ற பழைய பாடிகளில் மூடாது.

டி வகை லென்ஸை வாங்கிவிட்டு "எஃப்ஈஈ" என்று கேமரா காட்டுகிறதே, லென்ஸ் போச்சா என்று பயப்படுகிறவர்கள் உண்டு. போகவில்லை. லென்ஸில் அப்பர்ச்சர் வளையம் இருக்கிறதல்லவா, அதைப் பெரிய எண்ணுக்கு, அதாவது 22-க்கோ 16-க்கோ திருப்பிப் பூட்ட வேண்டும். அவ்வளவுதான்.

இசட் மிரர்லெஸ் வைத்திருந்தால் எஃப்டிஇசட் அடாப்டர் (லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் மாட்டும் வளையம்) போட்டு எஃப் மவுண்ட் லென்ஸைப் பயன்படுத்தலாம். ஆனால் அந்த அடாப்டருக்குள் மோட்டார் இல்லை. ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி ஓடும். டி வகை கையால்தான். 1977-க்கு முந்தைய, மாற்றியமைக்காத பழைய லென்ஸ்கள் சில பாடிகளின் வளையத்தைச் சேதப்படுத்திவிடும். தாத்தா காலத்து லென்ஸ் என்று ஆசைப்பட்டு நேரே திருகிப் பார்க்க வேண்டாம்.

4. கேனானில் வேலை கொஞ்சம் எளிது

1987 முதல் வந்த ஈஎஃப் லென்ஸ்களில் ஆட்டோஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே நிக்கான் தலைவலி இங்கே இல்லை. பார்க்க வேண்டியது வளையத்துப் பக்கத்துப் புள்ளி. சிவப்பு வட்டம் என்றால் ஈஎஃப், எல்லா கேனான் டிஎஸ்எல்ஆரிலும் மாட்டும். வெள்ளைச் சதுரம் என்றால் ஈஎஃப்-எஸ். 1500டி, 200டி, 80டி போன்ற கிராப் பாடியில் மட்டும். 6டி, 5டி வாங்கிய ஸ்டுடியோக்காரர்கள் தங்கள் பழைய 10-18, 55-250 லென்ஸ்களை விற்பதன் காரணம் பல நேரம் இதுதான். அப்படி வருபவை நன்றாகவே இருக்கும்.

ஆர் வரிசை மிரர்லெஸ்ஸுக்குக் கேனானின் ஈஎஃப்-ஈஓஎஸ் ஆர் அடாப்டர் போட்டால் ஈஎஃப், ஈஎஃப்-எஸ் இரண்டும் ஆட்டோஃபோகஸோடு அருமையாக ஓடும். எதிர்த்திசையில் நடக்காது: ஆர்எஃப் லென்ஸ் எந்த டிஎஸ்எல்ஆரிலும் மாட்டாது. ஈஎஃப்-எம் லென்ஸ் எம் வரிசை பாடிக்கு மட்டும்தான். "மிரர்லெஸ் லென்ஸ்" என்ற ஒரே சொல்லில் ஈஎஃப்-எம்மையும் ஆர்எஃப்பையும் சேர்த்து எழுதும் விளம்பரங்கள் உண்டு. ஆர்50-க்கு ஈஎஃப்-எம் 22 மி.மீ. வாங்கினால் மேசையில் அழகுக்கு வைக்கலாம்.

"கேனான் 50 எஃப்/1.4" நம்ப முடியாத விலையில் வந்தால் அது பழைய எஃப்டி மவுண்டாக இருக்கலாம். கண்டுபிடிப்பது சுலபம். ஈஎஃப் லென்ஸில் அப்பர்ச்சர் வளையம் கிடையாது, பின்னால் தங்க நிறப் புள்ளிகளாக மின்தொடர்புகள் இருக்கும். வளையம் இருந்து புள்ளிகள் இல்லாவிட்டால் எஃப்டி. அது டிஎஸ்எல்ஆருக்கு உதவாது. மிரர்லெஸ்ஸில் அடாப்டர் போட்டுக் கையால் ஃபோகஸ் பண்ணலாம்.

5. சோனி: மாடல் எண்ணைப் பாருங்கள்

சோனி லென்ஸின் மாடல் எண் எஸ்ஏஎல் என்று தொடங்கினால் ஏ மவுண்ட், எஸ்இஎல் என்று தொடங்கினால் ஈ மவுண்ட். ஏ6000 வகை கேமராவுக்கு வேண்டியது எஸ்இஎல். பழைய மினோல்டா ஏஎஃப் லென்ஸும் ஏ மவுண்ட்தான். மலிவாக வரும், ஆனால் அதற்கான அடாப்டரின் விலையைக் கேட்டால் மலிவு மறைந்துவிடும். சோனிக்கு இவ்வளவு போதும்.

6. டாம்ரான், சிக்மா, டோக்கினா

இவை ஒரே லென்ஸைப் பல மவுண்டில் விற்கும். விளம்பரத்தில் "டாம்ரான் 70-300" என்றிருந்தால் அது கேனானுக்கா நிக்கானுக்கா சோனிக்கா என்று பெயரை வைத்துத் தெரியாது. போட்டோவில் எந்த பாடியில் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் பின்பக்கம்தான் கதி.

எழுத்துகளை மனப்பாடம் செய்துகொள்ளலாம். டாம்ரானில் டிஐ என்றால் ஃபுல் ஃப்ரேமும் மூடும், டிஐ II என்றால் கிராப் டிஎஸ்எல்ஆருக்கு, டிஐ III என்றால் மிரர்லெஸ்ஸுக்கு. சிக்மாவில் டிஜி ஃபுல் ஃப்ரேம், டிசி கிராப், கூடவே டிஎன் என்று வந்தால் மிரர்லெஸ். டோக்கினாவில் டிஎக்ஸ் கிராப், எஃப்எக்ஸ் ஃபுல் ஃப்ரேம்.

நிக்கானுக்கு வந்த இவர்களின் பழைய லென்ஸ்களில் மோட்டார் இருப்பதும் உண்டு, இல்லாததும் உண்டு. டோக்கினா 11-16 முதல் பதிப்பில் நிக்கானுக்கு மோட்டார் இல்லை, இரண்டாவதில் உண்டு. டாம்ரான் 70-300-இலும் இதே கதை. பழைய சிக்மா சில, புதிய கேனான் பாடியில் மாட்டினால் அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து வைத்தால் மட்டும் படம் எடுக்கும். கொஞ்சம் மூடினாலும் எர்ரர் காட்டி நின்றுவிடும். ஆகவே சிக்மா என்றால் "எஃப்/8-இல் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பாடி என்ன மாடல்" என்று கேட்டே ஆக வேண்டும். மிரர்லெஸ்ஸில் அடாப்டர் போட்டு இவற்றை ஓட்ட நினைத்தால் லென்ஸின் ஃபர்ம்வேர் புதுப்பிக்கப்பட்டதா என்றும் கேளுங்கள். எல்லா லென்ஸையும் வீட்டிலிருந்தே புதுப்பிக்க முடியாது.

7. கிராப், ஃபுல் ஃப்ரேம்

ஃபுல் ஃப்ரேம் லென்ஸ் கிராப் பாடியில் தாராளமாக ஓடும். கோணம் மட்டும் குறுகும். நிக்கானில் 1.5, கேனானில் 1.6 மடங்கு. கிராப் லென்ஸ் ஃபுல் ஃப்ரேமில் மாட்டினால் நிக்கானும் ஆர் வரிசையும் தானாகவே படத்தின் நடுப்பகுதியை மட்டும் எடுக்கும், மெகாபிக்சல் பாதிக்கும் கீழே இறங்கும். கல்யாண வீட்டுக்கு அது உதவாது.

8. அடாப்டர் என்றவுடன் சம்மதிக்காதீர்கள்

வளையத்திலிருந்து சென்சார் வரைக்கும் உள்ள தூரம் ஒவ்வொரு மவுண்டுக்கும் வேறு. நிக்கான் எஃப் 46.5 மி.மீ., கேனான் ஈஎஃப் 44, கேனான் ஆர்எஃப் 20, சோனி ஈ 18, நிக்கான் இசட் 16. லென்ஸின் தூரம் பாடியின் தூரத்தைவிட அதிகமாக இருந்தால் நடுவில் வளையம் வைத்து மிச்சத்தை நிரப்பலாம். குறைவாக இருந்தால் நிரப்ப இடமே இல்லை. நிக்கான் டிஎஸ்எல்ஆர் லென்ஸைக் கேனான் டிஎஸ்எல்ஆரில் கையால் ஓட்டலாம். கேனான் லென்ஸை நிக்கானில் முடியாது. ஹீலியோஸ் போன்ற எம்42 திருகு லென்ஸ்களின் தூரம் 45.46. கேனானில் சாதாரண வளையம் போதும். நிக்கானில் கண்ணாடி இல்லாத வளையம் போட்டால் குற்றாலம் மலை தெளியாது, பக்கத்துப் பூ மட்டும் தெளியும்.

காசுக் கணக்கையும் போடுங்கள். கேனான் அடாப்டர் புதிதாகப் பத்தாயிரத்தை ஒட்டி வரும், நிக்கான் எஃப்டிஇசட் அதைப்போல இரண்டு மடங்கு. ஒரே ஒரு லென்ஸுக்காக அடாப்டர் வாங்குவது பெரும்பாலும் கட்டுபடியாகாது.

தென்மலை, செந்துருணிப் பக்கம் பறவை எடுக்கப் போகிறவர்கள் டெலிகன்வெர்ட்டர் (லென்ஸுக்குப் பின்னால் மாட்டித் தூரத்துப் பொருளைப் பெரிதாக்குவது) தேடுவார்கள். கேனானில் அதன் பெயர் எக்ஸ்டெண்டர், அதன் முன் கண்ணாடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 55-250, 75-300 போன்ற லென்ஸ்களின் பின்பக்கத்தில் இடிக்கும், மாட்டாது. எஃப்/5.6 லென்ஸில் 1.4 மடங்கு போட்டால் எஃப்/8 ஆகிவிடும். பழைய பாடிகள் பலவற்றில் ஆட்டோஃபோகஸ் கைவிடும். கம்பெனியின் பட்டியலில் உங்கள் லென்ஸ் பெயர் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

9. விற்பவரிடம் கேட்க வேண்டிய படங்கள்

முன்வளையத்து எழுத்து படிக்கும்படி ஒன்று. மூடி கழற்றிய பின்பக்கம் ஒன்று. சீரியல் நம்பர் ஒன்று. அன்றைய தேதியை ஒரு தாளில் எழுதி லென்ஸுக்குப் பக்கத்தில் வைத்து ஒன்று. வேறு யாருடைய விளம்பரத்திலிருந்தோ எடுத்த படம் என்றால் இதில் தெரிந்துவிடும். மலையாளம் சரளமாக வராதவர்கள் "லென்ஸின்டெ பின்வசத்தெ போட்டோ அயக்காமோ சேட்டா" என்று அனுப்புங்கள். எல்லைப் பக்கத்து ஆட்கள் பலர் தமிழிலேயே பதில் சொல்வார்கள்.

அப்புறம் இரண்டு வீடியோ. ஒன்று, பாடியில் மாட்டி ஷட்டரைப் பாதி அழுத்தி ஃபோகஸ் கிட்டேயும் தூரத்திலும் போய் வருவது, சத்தத்தோடு. இரண்டாவது டார்ச் வீடியோ: அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, போன் டார்ச்சை ஒரு பக்கம் சாய்வாகப் பிடித்து மறுபக்கத்திலிருந்து மெதுவாக எடுக்க வேண்டும். இந்த இரண்டாவதைக் கேட்டதும் பேச்சை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நல்லதுதான், உங்கள் நேரம் மிச்சம்.

10. ஃபங்கஸ்

இது பொருத்தத்தில் சேராத விஷயம். ஆனால் கேரளத்திலிருந்து வாங்குகிறவர் இதைத் தாண்டிப் போக முடியாது. அங்கே ஜூனில் தொடங்கும் மழை ஓய்ந்ததும் துலாமழை, அதாவது ஐப்பசி மழை, பிடித்துக்கொள்ளும். பையில் போட்டு அலமாரியில் வைத்த லென்ஸுக்குள் மெல்லிய நூல் நூலாக, சிலந்தி வலை போலவோ சின்ன நட்சத்திரம் போலவோ பூஞ்சை படரும். நம் பக்கமும் சாரல் பக்கம்தான். வாங்கி வந்து அலட்சியமாக வைத்தால் இங்கேயும் வரும்.

டார்ச் வீடியோவில் பார்க்க வேண்டியவை: நூல் போன்றது தெரிந்தால் ஃபங்கஸ். கண்ணாடி முழுவதும் பால் தெளித்த மாதிரி மங்கல் என்றால் ஹேஸ். வெளிச்சத்துக்கு எதிரே எடுத்தால் படம் வெளுத்துப் போகும். அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருந்தால் சில லென்ஸ்களில் அது ஒட்டிக்கொள்ளும். ஒன்றிரண்டு தூசியைப் பற்றிக் கவலை வேண்டாம், படத்தில் தெரியாது.

முன் கண்ணாடியிலோ பின் கண்ணாடியிலோ கொஞ்சம் ஃபங்கஸ் இருந்தால் சுத்தம் செய்யலாம். நடுவில் இருந்தால் முழுதாகக் கழற்ற வேண்டும். கோட்டிங்கை அரித்திருந்தால் துடைத்த பிறகும் தடம் நிற்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பேரம் பேசுவதைவிட, ஃபங்கஸ் உள்ள ஜூம் லென்ஸை விட்டுவிடுவது நல்லது என்பது என் கட்சி. விலை குறைந்த ப்ரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) என்றால் சர்வீஸ்காரரிடம் படத்தைக் காட்டிக் கூலியைக் கேட்டு, அதைக் கழித்து விலை சொல்லுங்கள். வந்தவுடன் மற்ற லென்ஸ்களோடு ஒரே பெட்டியில் வைக்க வேண்டாம். ட்ரை கேபினெட் இருந்தால் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம். இல்லாவிட்டால் மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மீட்டர்.

11. எப்போது வாங்கலாம், என்ன விலைக்கு

ஆடியில் நம் பக்கம் கல்யாணம் இல்லை. அந்தப் பக்கம் அதே நாட்களில் கர்க்கடகம், அங்கேயும் முகூர்த்தம் கிடையாது. வேலையில்லாத ஸ்டுடியோக்காரர்கள் சாமான்களை விற்பதும் மாற்றுவதும் அப்போது கூடும், விலையும் கொஞ்சம் இறங்கும். அவர்களின் சிங்ஙம் மாதம் (நம் ஆவணி) பிறந்துவிட்டால் கல்யாண வேலை தொடங்கிவிடும், அப்புறம் பேரம் நடக்காது. ஆனால் ஆடி மழையின் நடுவில் வாங்குகிறீர்கள். டார்ச் வீடியோவை அந்த மாதத்தில் இரண்டு முறை பாருங்கள்.

விலை சொல்லும் முன் புதிய லென்ஸின் விலையைத் தெரிந்துகொள்ளுங்கள். கேனான் 50 எஃப்/1.8 எஸ்டிஎம் புதிதே பத்தாயிரத்தை ஒட்டிக் கிடைக்கும்போது பழையதை எட்டாயிரத்துக்கு வாங்குவதில் அர்த்தமில்லை. மூடி, ஹூட், பெட்டி, பில் இவற்றில் எது இல்லையோ அதற்கும் குறைத்துக் கேளுங்கள். "இன்னைக்கே அட்வான்ஸ் போடலைன்னா வேற ஆள் எடுத்திடுவார்" என்றால் எடுத்துக்கொள்ளட்டும். அதே லென்ஸ் வேறொரு ஊரிலிருந்து மறுபடி வரும்.

12. நேரில் போவதே உத்தமம்

புனலூர் வரைக்கும் என்றால் போய்விடுங்கள். செங்கோட்டையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். பஸ்ஸும் உண்டு, மலை ரயிலும் உண்டு. ரயிலில் கூடக் குறைய இரண்டு மணி நேரம் ஆகும், பதிமூன்று கண்ணறைப் பாலத்தை ஜன்னலில் பார்த்துக்கொண்டே போகலாம். கிளம்பும் முன் அன்று அங்கே ஹர்த்தால் ஏதும் இல்லையே என்று செய்தியைப் பாருங்கள். கொல்லம், திருவனந்தபுரத்துக்காரரிடம் புனலூர் வர முடியுமா என்று கேட்டால் சிலர் சம்மதிப்பார்கள்.

உங்கள் கேமராவையும் சார்ஜ் போட்ட பேட்டரியையும் காலி கார்டையும் எடுத்துப் போங்கள். அவருடைய பாடியில் ஓடியது கணக்கில் சேராது. பகல் வெளிச்சத்தில் சந்தியுங்கள். மாட்டும்போது தளர்வாக ஆடுகிறதா பாருங்கள். முழுதாகத் திறந்து ஒன்று, எஃப்/8-இல் ஒன்று, எஃப்/16-இல் ஒன்று எடுங்கள். வயர் பழுதான லென்ஸ் திறந்த நிலையில் சமர்த்தாக இருந்துவிட்டு, மூடும்போது எர்ரர் காட்டும். ஜூம் வளையத்தை இரண்டு எல்லைக்கும் திருப்புங்கள். தூரத்து மரத்தையோ கோபுரத்தையோ ஃபோகஸ் பண்ணுங்கள். செங்கல் சுவரை நேரே நின்று எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு ஓரம் மட்டும் மங்கலாக இருந்தால் கீழே விழுந்த லென்ஸாக இருக்கலாம். இதற்கெல்லாம் கால் மணி நேரம் போதும். ஃபில்டர் போட்டிருந்தால் கழற்றச் சொல்லுங்கள், கழலவில்லை என்றால் விளிம்பு நசுங்கியிருக்கலாம்.

கூரியர்தான் வழி என்றால், இரண்டு பக்க மூடியும் போட்டு, பபிள் ராப் சுற்றி, பெட்டிக்குள் பெட்டியாக, மழைக் காலத்தில் பிளாஸ்டிக் உறையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். ஸ்பீடு போஸ்ட்டில் காப்பீடு போடும் வசதி உண்டு. சில நூறு ரூபாய் கூடினாலும் போடுங்கள். பார்சல் வந்ததும் முத்திரையோடு இருக்கும் நிலையிலிருந்து உங்கள் கேமராவில் மாட்டி முதல் படம் எடுக்கும் வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். எத்தனை நாளுக்குள் திருப்பி அனுப்பலாம், அந்தக் கூரியர் செலவு யாருடையது என்பதை அனுப்பும் முன்பே வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

13. பணமும் காகிதமும்

"ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிப் போகிறேன், முன்பணம் அனுப்பினால் கேம்பிலிருந்து பார்சல் வரும்" என்று அடையாள அட்டைப் படத்தோடு வரும் செய்தி பழைய மோசடி. "திருப்பிப் பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்கள்" என்பதும் அதே ரகம். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், யுபிஐ பின்னும் வேண்டாம். முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, வரும் பெயரும் விற்பவர் சொன்ன பெயரும் ஒன்றா என்று பாருங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே 1930-க்குக் கூப்பிடுங்கள். தாமதித்தால் பணத்தை முடக்குவது கஷ்டம்.

காகிதத்தில் முதலிடம் அசல் பில்லுக்கு. பில், பெட்டி, லென்ஸ் மூன்றிலும் சீரியல் நம்பர் ஒன்றாக இருக்க வேண்டும். நிக்கானில் யுஎஸ் என்று தொடங்கும் எண் அமெரிக்காவில் விற்றது. வாங்கலாம், ஆனால் இங்கே வாரண்டியை எதிர்பார்க்க வேண்டாம். பில் இல்லையென்றால் வெள்ளைத் தாளில் விற்பவர் பெயர், முகவரி, போன், லென்ஸின் முழுப்பெயர், சீரியல் நம்பர், தொகை, தேதி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கூடவே கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதார் நகல். கல்யாண மண்டபங்களில் கேமரா பை காணாமல் போகும் செய்தி இரண்டு பக்கமும் அடிக்கடி வருவதுதான். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவு வாங்கியவர் மீதும் பாயும். கடிதம் தர மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

கடிதத்தைப் படம் எடுத்துப் போனிலும் மெயிலிலும் வையுங்கள். ஆரியங்காவிலோ புளியரையிலோ பையைத் திறந்து காட்டச் சொன்னால் போனில் இருப்பதே போதும். அசலை லென்ஸ் பெட்டிக்குள் மட்டும் வைக்காதீர்கள். பை தொலைந்தால் லென்ஸோடு சீரியல் நம்பரும் போய்விடும், புகார் எழுத ஒன்றும் இருக்காது.